வேற்றுக்கோள் நண்பனும் கடைசி பெஞ்சும்

நூற்பாலைகள் நிறைந்த சூலூர் வட்டாரத்தில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு ஒடிசாவிலிருந்து வந்த மாணவன் ஒருவன் என் வகுப்பில் சேர்ந்தான். பெற்றோருக்கு மில் வேலை. மூன்று மாதமாக இடைவேளைகளில் வேப்பமரத்தடியில் தனியாகவே நின்றான். ‘அமைதியான பையன்’ என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். நான் எவ்வளவு தவறாக எழுதிவிட்டேன் என்பது, வகுப்பில் ஒரு கிளைக்கதை விளையாட்டைத் திட்டமிட்டபோதுதான் புரிந்தது.

கிளைக்கதை என்பது என்ன?

ஒரு பகுதியைப் படித்ததும் ‘அடுத்து என்ன செய்வாய்?’ என்று கதையே கேட்கும். படிப்பவர் தேர்ந்தெடுக்கும் வழியில் கதை நகரும். இதைக் கணினியில் உருவாக்க ‘ட்வைன்’ என்ற இலவச மென்பொருள் உள்ளது. 2009இல் கிறிஸ் கிளிமாஸ் உருவாக்கியது. தெரிவை இரட்டைச் சதுர அடைப்புக்குள் தட்டச்சு செய்தால் அடுத்த பெட்டி தானாக வந்துவிடும். தமிழிலேயே எழுதலாம். ஆனால் முதல் நான்கு பாடவேளைகளுக்குக் கணினி வேண்டாம், காகிதம் போதும்.

முதல் பாடவேளை: கதை கேட்டல்

சத்யஜித் ராய் 1962இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் எழுதிய ‘பங்குபாபுவின் நண்பன்’ கதையைச் சொன்னேன். பங்குபாபு ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர். மாலையில் கூடும் நண்பர்கள் அவரைக் கேலி செய்வார்கள், அவர் பொறுத்துக்கொள்வார். ஒருநாள் மூங்கில் தோப்பில் வேற்றுக்கோள்வாசி ஒருவரைச் சந்திக்கிறார். அதன்பின் கேலி செய்தவர்களுக்குப் பதில் சொல்லும் துணிவு அவருக்கு வந்துவிடுகிறது. கூட்டத்துக்கு நடுவிலும் ஒருவர் தனியாக இருக்கலாம் என்பதை மாணவர்களே சொன்னார்கள்.

இரண்டாம் பாடவேளை: வணக்கம் சொல்லுதல்

1977இல் ஏவப்பட்ட இரு வாயேஜர் விண்கலங்களிலும் 55 மொழிகளில் வாழ்த்து பதிந்த தங்கத் தட்டு உள்ளது. அதில் தெலுங்கும் கன்னடமும் உண்டு, தமிழ் இல்லை. ஒடியா உண்டு! இதைச் சொன்னதும் வகுப்பே கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. “உங்க பாஷையில வணக்கம் எப்படிச் சொல்றது?” என்று ஒருத்தி கேட்டாள். அவன் வாய்திறந்து பேசி அன்றுதான் கேட்டேன்.

மூன்று, நான்காம் பாடவேளைகள்: அட்டைகள்

எங்கள் கதை: பள்ளி மைதானத்தில் இறங்கிய வேற்றுக்கோள் சிறுவனுக்கு மொழி தெரியாது. ஓர் அட்டைக்கு ஒரு காட்சி, அதன்கீழ் இரண்டு தெரிவுகள். ஒவ்வொரு முறையும் கதை இரண்டாகப் பிரிந்துகொண்டே போனால் ஐந்தே தெரிவுகளில் 32 முடிவுகள், மொத்தம் 63 அட்டைகள் ஆகிவிடும். அதனால் இரண்டு தெரிவுகளுக்கு ஒருமுறை எல்லா வழிகளும் ஒரே அட்டையில் சேரும்படி அமைத்தோம். 15 அட்டைகளில் கதை முடிந்தது.

முதல் காட்சிக்கு ‘பேசு’, ‘மிட்டாய் கொடு’ என்று குழுவினர் எழுதினர். அவன் யோசித்துவிட்டு, திக்கித் திக்கித் தமிழில் சொன்னான்: “பக்கத்துல சும்மா உக்காரு.” குழுவில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ‘மிட்டாய் கொடு’வை அடித்துவிட்டு அதை எழுதினார்கள்.

ஐந்து, ஆறாம் பாடவேளைகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் அட்டைகளை ட்வைனில் ஏற்றினோம்.

கவனிக்க வேண்டியவை

* எந்தத் தெரிவும் ‘சரியான விடை’ ஆகக் கூடாது. பேசாமல் ஓடிப்போகும் வழியிலும் கதை தொடர வேண்டும்.
* ‘உன் தனிமையைச் சொல்’ என்று யாரையும் கேட்காதீர்கள். குழந்தைகள் வேற்றுக்கோள்வாசியின் வாயிலாகச் சொல்லிக்கொள்வார்கள்.
* எழுத்தில் ஆழ்ந்த துயரம் தெரிந்தால் வகுப்பில் பேசாமல் தனியே அழைத்துக் கேளுங்கள்.

எங்கள் விளையாட்டின் முதல் திரையில் இரண்டு மொழிகளில் வணக்கம் இருக்கிறது. குறிப்பேட்டில் ‘அமைதியான பையன்’ என்று எழுதியதை அடித்துவிட்டேன். உங்கள் குறிப்பேட்டிலும் அப்படி ஒரு வரி இருந்தால், அந்தப் பெயரை ஒருமுறை மீண்டும் பாருங்கள்.