பக்கத்தில் ஆலை வந்தால் யாருக்கு அறிவிப்பு வரும்?

கரிசல் காட்டில் கிணறு வெட்டுகிறவர்கூட அடுத்த புஞ்சைக்காரர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் கடப்பாரையை எடுப்பார். ஆலை வருவதற்கு அப்படி வீட்டுவாசலில் வந்து சொல்வார் கிடையாது. சட்டம் முக்கியமாகக் கேட்பது பத்திரிகை விளம்பரம்தான். அதைக் கவனியாத விவசாயிக்கு, இயந்திரம் மண் அள்ள வந்த பிறகே விஷயம் தெரியவருகிறது.

விருதுநகர் மாவட்டம் குமாரலிங்கபுரத்தில் சிப்காட் நிலம் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. நூற்பு முதல் சாயம், தையல் வரை ஒரே இடத்தில் நடப்பதே இத்திட்டத்தின் நோக்கம். பருத்தி விளையும் பூமிக்கு இது நல்ல செய்தி. ஆனால் சாயம் என்றால் தண்ணீர் வேண்டும், கழிவும் உண்டு. கண்மாயையும் கிணற்றையும் நம்பி வாழ்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது.

2006 செப்டம்பர் 14-ந் தேதி மத்திய அரசு அறிவிக்கையின்படி, சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் இத்தகைய திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்படுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும்; கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை வகிப்பார். ஒரு தேசிய நாளேட்டிலும் ஒரு தமிழ் நாளேட்டிலும் விளம்பரம் வந்து, குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். பத்திரிகை எட்டாத ஊர்களில் பறையடித்தும் அறிவிக்கலாம் என்கிறது அறிவிக்கை. தமிழக அரசு 2022-ல் தண்டோராவைக் கைவிட்டு ஒலிபெருக்கிக்கு மாறச் சொல்லிவிட்டது. எதுவானாலும் சத்தம் ஊருக்குள் கேட்டால் சரி!

அந்த 30 நாளும் திட்ட அறிக்கையின் நகல் கலெக்டர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் பார்வைக்கு இருக்கும். சுருக்கம் தமிழிலும் உண்டு. தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் உப்பு எங்கே போகும், மழைநீர் ஓடை எந்தப் பக்கம் திருப்பப்படும் என்ற பக்கங்களை முதலில் புரட்ட வேண்டும்.

கூட்டத்துக்கு இத்தனை பேர் வரவேண்டும் என்ற விதி இல்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. அனுமதி பெற்ற பூங்காவுக்குள் பின்னால் வரும் ஆலைகளுக்கு, அந்த அனுமதியின் வரம்புக்குள் இருக்குமட்டும், தனித்தனிக் கூட்டம் கிடையாது. சாயப்பட்டறை பற்றிக் கேட்பதானால் பூங்காவுக்கான கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

கேளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நொய்யல் சாட்சி. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. நொய்யல் விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டபோது கிணறுகள் கெட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

பேசத் தயங்குகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம். சர்வே எண், கிணறு, கண்மாய்ப் பெயர், பயிர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதினால் மனுவுக்குப் பலம் கூடும். நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்வது அவசியம். கூட்டம் வீடியோ எடுக்கப்படுகிறது. முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் வாசிக்க வேண்டும். தாம் சொன்னது அதில் விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து கேட்கலாம்.

அனுமதி வழங்கப்பட்டால் அதுவும் பத்திரிகையில் வரும். ஆட்சேபிப்பவர்கள் 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை அனுமதிப்பார்கள். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது.