மலையும் மருந்தும் – 9: இலை ஆற்றும் புண்ணும், ஆற்றாத புண்ணும்

ஜவ்வாது மலைக் காட்டோரப் புதர்களில் படரும் கொடி சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர். இலை ஒன்றை நன்றாக மென்றுவிட்டு, நாக்கில் கொஞ்சம் சர்க்கரை போட்டுப் பாருங்கள். மணலைத் தின்பதுபோல் இருக்கும். சற்று நேரத்தில் ருசி திரும்பிவிடும். இந்த வேலையைச் செய்யும் ஜிம்னிமிக் அமிலத்தை 1887-இல் பிரித்துக் காட்டியவர், ஊட்டியில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர்.

ஆனால் நாக்கில் இனிப்பு மறைவது வேறு, ரத்தத்தில் சர்க்கரை குறைவது வேறு. இரண்டாவதைச் சென்னை ஆய்வாளர்கள் சோதித்து 1990-இல் வெளியிட்டார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுவந்த 22 பேருக்குத் தினமும் 400 மில்லிகிராம் இலைச்சாரம், 18 முதல் 20 மாதம் வரை. சர்க்கரை குறைந்தது, 5 பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. தள்ளிவிடக் கூடிய முடிவல்ல இது. என்றாலும் 22 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. அவர்கள் சாப்பிட்டது அளந்து தயாரித்த சாரம், கடையில் பொட்டலமாக வாங்கும் பொடி அல்ல.

மலைவாசிகளான மலையாளிகளுக்கும் (கேரளத்தவர் அல்ல, மலையை ஆள்பவர் என்ற பொருளில்) கீழ்நாட்டுக்காரர்களுக்கும் பொதுவான இன்னொரு பச்சிலை உண்டு: வெட்டுக்காயப் பூண்டு. அரிவாள் பட்ட இடத்தில் கசக்கிப் பிழிந்தால் ரத்தம் நிற்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி, இன்று நம் வரப்பெல்லாம் அதுதான். திடமான உடம்பில் பட்ட வெட்டுக்கு அது போதும். புண்ணை ஆற்றும் ரத்தம் தானே அங்கே ஓடி வருகிறது, இலை அதற்குத் துணை.

சர்க்கரை நோயாளியின் காலில் இந்தக் கணக்கு தப்புகிறது. பல வருடச் சர்க்கரையில் நரம்பு மரத்துப் போயிருக்கும். முள் குத்தியதே தெரியாது. அதன் மேலேயே நான்கு நாள் நடப்பார். ரத்தக்குழாய் சுருங்கியதால் ஆற்றவேண்டிய ரத்தமும் வந்து சேராது. கிருமிக்குக் கொண்டாட்டம். மேலே தழை கட்டிய புண் காய்ந்ததுபோல் தெரியும். உள்ளே சீழ் எலும்பைத் தொட்டிருக்கும். வலிக்கவில்லையே என்று இருந்துவிடுவதில்தான் விரல் போகிறது, கால் போகிறது. மலையிலிருந்து போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ இறங்க வேண்டியவருக்கு ஒவ்வொரு நாள் தாமதமும் இன்னும் கனக்கும்.

2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 14.4 பேருக்குச் சர்க்கரை நோய். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறாதீர்கள். பொடியும் சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; இரண்டும் சேர்ந்து சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம்.

இன்று இரவு படுக்கும் முன் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்கு நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். கொப்புளமோ, கறுப்போ, வாடையோ இருந்தால் தழை தேடாதீர்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.