பயிற்சி ஆசிரியரின் மனநலம்

குழந்தையின் மனநலம் பற்றி பி.எட். படிப்பில் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். படிப்பவரின் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள்தான் குறைவு.

சுமை கூடும் நான்கு மாதங்கள்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளுக்குப் பிறகு பி.எட். ஈராண்டுப் படிப்பானது. பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம். அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வருகிறது. நெருக்கடி அப்போதுதான். பகலெல்லாம் வகுப்பு, இரவில் மறுநாளைக்குப் பாடத்திட்டம் எழுதி, சார்ட் வரைந்து, உளவியல் சோதனைப் பதிவேட்டையும் நிரப்ப வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் ஒரு மாதிரி நடத்தச் சொல்வார். பார்வையிட வரும் பேராசிரியர் வேறு மாதிரி எதிர்பார்ப்பார். கைக்குழந்தையோடு படிக்கும் பெண்களுக்கு இவ்வளவும் வீட்டு வேலை முடிந்த பிறகுதான். போதாததற்கு, தகுதித்தேர்வு பற்றிய கவலை வேறு.

உடல் முதலில் சொல்லிவிடும்

தங்களை வாட்டுவது மன அழுத்தம் என்றே பலருக்குத் தெரிவதில்லை. தீராத தலைவலி, வகுப்புக்குப் போகுமுன் வயிற்றைப் பிரட்டுவது, படுத்தும் தூக்கம் வராதது என்று உடல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இரவு இரண்டு மணி வரை பதிவேடு எழுதியவருக்கு மறுநாள் சின்னச் சேட்டைக்கும் கோபம் பொத்துக்கொண்டு வரும். பெரியவர்களுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். பதிவேட்டின் அலங்காரம் அதைவிடப் பெரிதல்ல.

கோபத்துக்கு அடியில் பயம்

மனவெழுச்சி நுண்ணறிவு என்ற கருத்தை 1990-ல் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் விளக்கினார்கள். தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கண்டுகொண்டு அதற்கேற்ப நடக்கும் திறன் அது. கோபத்தை விழுங்கிக்கொள்வது என்று பலர் அதைத் தவறாக நினைக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு பயிற்சி ஆசிரியை இயற்கணிதம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். “மிஸ், எங்க சார் இப்படிச் சொல்லித் தரலையே” என்கிறான் ஒரு பையன். பின்வரிசையில் பேராசிரியர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். ஆசிரியைக்குக் கத்த வேண்டும்போல் இருக்கிறது. உள்ளே இருப்பதோ மதிப்பெண் போய்விடுமோ என்ற பயம். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாலே படபடப்பு சற்றுத் தணியும். உணர்வைச் சொல்லில் வைக்கும்போது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப்பகுதியின் செயல்பாடு குறைவதை 2007-ல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. அதன்பின், “உங்க சார் எப்படிப் போட்டார்? வா, போர்டுல போட்டுக் காட்டு” என்று கேட்க வாய் வரும். பையனும் எதிரியாகத் தெரிய மாட்டான்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது

எல்லாவற்றையும் பயிற்சி ஆசிரியரே சமாளித்துக்கொள்ளட்டும் என்று விடுவது நியாயமில்லை. எல்லாப் பதிவேடுகளையும் ஒரே வாரத்தில் கேட்காமல் கெடுவைப் பிரித்து வைக்கலாம். குறையை மாணவர்கள் முன் சொல்லாமல் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும்; பிள்ளைகள் எதிரில் தலைகுனிந்தவர் மறுநாள் அதே வகுப்புக்குள் எப்படி நுழைவார்?

எப்போது உதவி தேட வேண்டும்

சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். உடனே அழையுங்கள், அருகில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.