செம்மண்ணில் தங்காத உரம்

பெரிய மழைக்கு முந்தின நாள் உரம் போடச் சொன்னால் அம்மா முணுமுணுப்பார்: "ஆத்துக்குத்தான் சோறு போடுறோம்."

நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவருக்கு வெளிக்காட்டு வேலை. வாளியிலிருந்து சிவப்பு உரத்தை அள்ளி, செம்பனை மரத்தைச் சுற்றி வட்டமாக விசிறுவார். விரல் வெடிப்பில் பட்டால் எரியும். எரியாமல் என்ன செய்யும், அது உப்புதானே: பொட்டாசியம் குளோரைடு. தண்ணீரில் கரைந்ததும் நேர்மின் பொட்டாசியமும் எதிர்மின் குளோரைடும் தனித்தனி அயனிகளாகப் பிரிந்துவிடும்.

களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருந்தால் பொட்டாசியத்தை இழுத்து வைக்கும். இழுபட்ட அயனிகள் எல்லாம் துகளோடு ஒட்டிவிடுவதில்லை. திருவிழாவில் தேரைச் சுற்றி நிற்கும் கூட்டம் மாதிரி, பக்கத்தில் நெருக்கம், தள்ளிப் போகப்போகக் கலைவு. இந்தக் கலைவுக்கு 1910இல் கூய், 1913இல் சாப்மன் என்ற அறிவியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். துகளை நெருங்கி நிற்கும் அயனி வரிசையை 1924இல் ஸ்டெர்ன் தனியாகச் சேர்த்தார். மொத்தக் கூட்டமும் சில நானோமீட்டர் தூரத்துக்குள்தான். தண்ணீரில் உப்பு ஏறினால் இன்னும் சுருங்கும்.

நெகிரி செம்பிலான் செம்மண்ணில் இந்த இழுப்பே குறைவு. காலங்காலமாக மழை அரித்தது போக மிஞ்சியவை பெரும்பாலும் கயோலினைட் களிமண்ணும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும். கோவில்பட்டிக் கரிசலில் இருக்கும் ஸ்மெக்டைட் களிமண், அதே எடையுள்ள கயோலினைட்டைப் போலச் சுமார் பத்து மடங்கு நேர்மின் அயனிகளைப் பிடிக்கும். ஆக்சைடுகள் இன்னும் மோசம். அவற்றின் மின்னேற்றம் மண்ணின் புளிப்பைப் பொறுத்து மாறும். பிஎச் 4.5 அளவுக்குப் புளித்த மண்ணில் அவை ஹைட்ரஜன் அயனிகளை ஏற்று நேர்மின்னேற்றம் அடைந்து, பொட்டாசியத்தைத் தள்ளிவிடும். எதிர்மின் இடங்கள் மிஞ்சினாலும், மூன்று மின்னேற்றம் கொண்ட அலுமினியம் முந்திக்கொள்ளும். அப்புறம் ஒரு கனமழை போதும், பொட்டாசியம் வேருக்கு எட்டாமல் போய்விடும்.

பாஸ்பேட்டுக்கோ நேர்மாறான கதி. இரும்பு ஆக்சைடு அதை நேரடிப் பிணைப்பால் இறுக்கிக்கொள்ளும். வேருக்கு லேசில் விடாது.

சுண்ணாம்பு போட்டால் புளிப்புக் குறையும், எதிர்மின்னேற்றம் கூடும், அலுமினியமும் படிந்து ஒதுங்கும். ஆனால் செலவில்லாத வழி மட்டைதான். வெட்டிய மட்டை மக்கினால் வரும் மட்குக்குப் புளித்த மண்ணிலும் எதிர்மின்னேற்றம் உண்டு. சொந்தமாக நாலு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள் மட்டையைக் கொளுத்தாமல் வரிசைகளுக்கு இடையே அடுக்குங்கள். உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.