மார்கழியில் ஒரு மலைப்பயணம்

சென்னையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் புணே வழியாக மும்பைக்கு வரும் ரெயில்கள், லோனாவாலாவைக் கடந்ததும் வேகம் தணிந்து, சுரங்கங்கள் பலவற்றினுட் புகுந்து வெளிப்பட்டுக் கர்ஜத்தை அடைகின்றன. அச்சிறிது நேரத்தில் பலகணி வழியே தோன்றி மறைவதே சஹ்யாத்ரி மலை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நெடுங்காலமாக வாழும் நம்மவருட் பலர் அம்மலையை அவ்வளவே கண்டிருக்கின்றனர். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீண்டு, குற்றாலத்தில் அருவியாய் இறங்கும் மேற்கு மலைத்தொடரின் வடபகுதிதான் இது என்பதை நினைப்போர் இன்னும் சிலரே.

தொடர் ஒன்றேயாயினும் கல் வேறு. குற்றாலத்துப் பாறை மிகத் தொன்மையானது. மும்பையைச் சூழ்ந்த மலைகளோ, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியமையால் உண்டானவை. இம்மலைகள் படிவைத்தாற்போலத் தோன்றுவது இதனாலேயே.

கடலோரத்து மலைகளில் பனி பெய்வதைப் படங்களிற் கண்ட இளைஞர்கள், "மும்பைக்கு அருகில் அத்தகைய மலை இல்லையா?" என்று வினவுவதுண்டு. கடற்காற்று மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, தான் சுமந்த நீரைச் சொரிகிறது. நார்வேயிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் குளிர்காலத்தில் அந்நீர் உறைபனியாக விழுகிறது. இங்கே அதுவே ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழையாகப் பொழிகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பர். மகாராஷ்டிரத்தின் மிகவுயர்ந்த சிகரமான கல்சுபாயே 1,646 மீட்டர்தான். ஆகவே இங்கு உறைபனிக்கு இடமில்லை. நமக்குக் கிடைப்பது புல்நுனியில் நிற்கும் மார்கழிப் பனி. வானம் தெளிந்து, பாதை உலர்ந்திருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே மலையேறுதற்கு உகந்தது.

ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க மலைகளுள் கர்னாளா ஒன்று. செம்பூரில் ரெயிலேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற் பன்வேல். மாட்டுங்காவிலும் சயானிலும் ஏறுவோர் குர்லாவில் மாறிக்கொள்ளலாம். பன்வேலிலிருந்து பென் செல்லும் பேருந்து, சுமார் 12 கிலோமீட்டரில் மலையடிவாரத்தில் இறக்கிவிடும். 1968-இல் பறவைகளுக்குச் சரணாலயமாக்கப்பட்ட காடு அது. காட்டின் மேல், ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் பழைய கோட்டையும், அதன் நடுவே வானை நோக்கி நிமிர்ந்த கருங்கல் தூணும் உள்ளன. கொங்கணக் கரையையும் உள்நாட்டையும் இணைத்த வணிகப் பாதைக்குக் காவலாக நின்ற இக்கோட்டையை 1670-இல் சிவாஜி கைப்பற்றினார். 1818-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழியில் ஒருநாள், நாம் அங்குத் தனியே சென்றோம். துணையுடன் செல்வதே நன்று. தனியே செல்வதாயின், துணைவர் செய்யும் வேலையை ஒழுங்கு செய்தாக வேண்டும். ஆதலின் புறப்படுமுன் நாட்காட்டித் தாளொன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில், "கர்னாளா. கோட்டைப் பாதை. திரும்பும் நேரம் மாலை ஆறு. எட்டுக்குள் வாராவிடில் சரணாலய அலுவலகத்துக்குச் சொல்க" என்றெழுதி வீட்டாரிடம் தந்தோம். எங்கிருந்தாயினும் பிற்பகல் ஒரு மணிக்குத் திரும்புவது என்றும் உறுதி செய்துகொண்டோம். டிசம்பர் இறுதியில் மும்பைப் பக்கத்தில் கதிரவன் ஏழு மணிக்குப் பின் எழுந்து, ஆறு மணியை ஒட்டி மறைகிறான். மரச்செறிவினுள் இருள் இன்னும் முந்திவிடும்.

ஏற்றத்தில் பாதிக்கு மேல், சருகு மூடிய கிளைவழியொன்றைப் பாதையென மயங்கினோம். கால்மணி நேரம் நடந்த பின் வழி தேய்ந்து மறைந்தது. கைப்பேசியில் தொடர்பில்லை, மனிதக் குரலும் இல்லை. சரிவில் நேரே இறங்கினால் சாலை வந்துவிடும் என்று மனம் தூண்டியது. பலர் விபத்துக்குள்ளாவது இத்தகைய எண்ணத்தாலேயே; படிவைத்த பாறைகளில், மேலிருந்து புலப்படாத செங்குத்துக்கள் பல உண்டு. ஆகவே வந்த வழியே திரும்பி, ஐயமறக் கண்ட கடைசி அடையாளம் வரையிற் சென்று, மீண்டும் தொடங்கினோம்.

கோட்டை வாயில் கண்ணுக்குத் தெரிந்தபோது மணி ஒன்று. உச்சியிலிருந்து தெளிந்த நாளில் மும்பைத் துறைமுகம் தோன்றும் என்பர். இன்னும் அரைமணி நேரம் போதும். தண்ணீரோ, கொணர்ந்த மூன்று லிட்டரில் ஒன்றே எஞ்சியிருந்தது. காலையிற் குளிர்ந்த மலை நண்பகலில் சுடுகிறது. இங்கே குளிர்கால மலையேற்றத்தில் அஞ்சத்தக்கது குளிரன்று, வெயிலே. இறக்கத்தில் உருளும் சரளை, களைத்த காலைச் சறுக்கிவிடும். நாம் திரும்பிவிட்டோம்.

தனியே செல்ல விரும்பும் நேயர்களுக்கு மேலும் சில சொற்கள். கற்றூணில் பெருந்தேன்கூடுகள் உண்டு. அங்குப் புகை, வாசனைத் தைலம், கூச்சல் மூன்றும் ஆகா. தேனீ கலைந்தால் கையால் விசிறாது, முகத்தை மூடிக்கொண்டு வந்த வழியே அகன்றுவிட வேண்டும். பிடிமானமுள்ள காலணி, கைவிளக்கு, ஊதுகுழல், சிறிது உப்பும் வெல்லமும் உடனிருத்தல் நலம். சரணாலயம் திறந்துள்ள நாளையும் நேரத்தையும் முன்னரே அறிந்து செல்க.

அன்று மாலை ஐந்தரைக்குச் செம்பூரில் வீட்டுக் கதவைத் தட்டினோம். திறந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. நாம் எழுதிய தாள் அவர் கையிலேயே இருந்தது. பலமுறை மடித்துப் பிரித்ததில் மடிப்புக்கள் நைந்திருந்தன. தனியே செல்பவன் உண்மையில் தனியே செல்வதில்லை என்பதை அத்தாள் நமக்கு உணர்த்திற்று.

தை மாதத்தில், ஒருமணி முன்னதாகப் புறப்பட்டு, மீண்டும் ஏறினோம். துறைமுகம் தெரிந்தது.