மரம் தழுவிய துவக்கு

அழகுடைய பொருளொன்றைக் கண்டவுடன் அது பயனும் உடையதாகவே இருக்கும் என நம்பிவிடுவோர் ஒரு சாரார். அழகு மிகுந்த இடத்தில் பயன் குறைந்தே இருக்கும் என ஐயுறுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடி வரும் பொருள்களுள் ஒன்று, மத்திய ஐரோப்பாவின் மலைநாடுகளிற் பிறந்த முழுமரத் துவக்கு ஆகும். வேட்டைக்காரரின் விருப்பு வெறுப்போடு இவ்வழக்கு முடிந்துவிடுவதன்று. எய்தவனின் குறி தவறினால் அதன் துன்பத்தை அனுபவிப்பது வாயில்லா உயிரொன்று. ஆதலின் இத்துவக்கு குறி தவறாததுதானா என்ற வினா அறத்தோடும் தொடர்புடையது.

வேட்டைத் துவக்குகள் பெரும்பாலானவற்றில், தோளிற் பதியும் சோங்கிலிருந்து தொடங்கும் மரம் குழலின் நடுப்பகுதி வரை சென்று நின்றுவிடும். எஞ்சிய குழல் வெறும் உருக்காகவே நீண்டிருக்கும். முழுமரத் துவக்கிலோ மரமானது குழலின் அடிப்புறத்தைத் தழுவியவாறு குழல்வாய் வரை செல்லும். அதன் நுனியில் சிறியதொரு உலோகக் கவசம் பொருத்தப்படும். குட்டையான குழலுடைய இவ்வகைத் துவக்கை ஜேர்மன் மொழி பேசுவோர் ‘ஷ்ருற்சன்’ என்பர். ஆங்கிலேயர் ‘மான்லிக்கர் மரம்’ என்று இதன் மரத்தையே பெயராக்கி வழங்குவர்.

இவ்வமைப்பு தொடக்கத்தில் அழகு கருதி எழுந்ததன்று. 18ஆம் நூற்றாண்டில் ஜேர்மானிய வேட்டைக்காரர் கையாண்ட துவக்குகள் குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கப்பட்டவை. கெட்டிக்கும் கோலைச் செருகி வைப்பதற்குக் குழலின் கீழே நீண்ட மரம் தேவைப்பட்டது. ஊசி போன்ற ஆணிகளாற் குழலை அம்மரத்தோடு பிணைத்தனர். பின்னர், பின்புறத்தால் தோட்டா இடும் முறை வந்தபோது கோலுக்கு வேலை இல்லாது போயிற்று, மரமும் குறுகிற்று. தேவை நீங்கிய பின்னரும் நீண்ட மரத்தைச் சிலர் கைவிடாதிருந்தனர். அதனை மீண்டும் உலகப் புகழுக்கு உயர்த்தியது ஒஸ்திரியாவின் ஸ்ரையர் நகரம்.

அந்நகரத்துத் தொழிற்சாலையில் பணியாற்றிய பெடினான்ட் மான்லிக்கர், ஒட்டோ ஷேனவர் ஆகிய இருவரின் ஆக்கமே 1903ஆம் ஆண்டின் மான்லிக்கர்-ஷேனவர் துவக்கு. கிரேக்க நாட்டுப் படை அதனைப் போர்க்கருவியாக ஏற்றது. அதே பொறியமைப்பைக் கொண்டு செய்யப்பட்ட வேட்டைத் துவக்கு ஏறத்தாழ 450 மில்லிமீற்றர் நீளமான குழலையும் முழுமரத்தையும் உடையதாய் இருந்தது. ஐந்து தோட்டாக்களை ஏற்கும் சுழலும் தோட்டா அறை ஷேனவரின் சிந்தனையில் உதித்தது. பொறியின் பிடியோ வெண்ணெய் தடவும் கத்தியைப் போலத் தட்டையானது. 6.5 மில்லிமீற்றர் விட்டமும் ஏறத்தாழ 10 கிராம் நிறையும் கொண்ட நீண்ட குண்டு, மிதமான வேகத்திற் சென்றாலும் ஆழமாக ஊடுருவியது. அமெரிக்க எழுத்தாளர் ஏர்ணெஸ்ற் ஹெமிங்வே 1936இல் வெளியிட்ட ஆபிரிக்க வேட்டைக் கதையொன்றில், முடிவைத் தீர்மானிக்கும் வெடியைத் தீர்ப்பதும் 6.5 மான்லிக்கர் துவக்கேயாகும். இலக்கியத்திலும் இடம்பெறும் அளவிற்கு அதன் பெயர் பரவியிருந்தது.

இத்துவக்கின் கவர்ச்சி கண்ணுக்கு மட்டும் உரியதன்று. அல்ப்ஸ் மலைச்சரிவுகளில் ஷமுவா என்னும் மலையாட்டைத் தொடர்பவன் பாறைகளிற் பற்றி ஏற வேண்டியவன். முதுகில் தொங்கும் துவக்கு குட்டையாக இருந்தால் பாறையிலும் கிளையிலும் சிக்காது. மோதினாலும் மரம் அடியைத் தாங்கிக் குழலைக் காக்கும். பனிக்காலத்தில் வெற்று உருக்கைத் தொடுவதினும் மரத்தைப் பற்றுவது கைக்கு இதமானது. இத்துவக்குகள் பலவற்றில் இரட்டை விசை உண்டு. பின் விசையை முதலில் இழுத்து வைத்தால், முன் விசை விரல் பட்ட அளவிலேயே வெடியைத் தீர்க்கும். எனவே எய்பவனின் கை அசைந்து குறி கலைவது குறைகின்றது. வால்நட் மரத்தின் வரிகள் சோங்கிலிருந்து குழல்வாய் வரை இடையறாது ஓடும் அழகோ தச்சன் கைவண்ணத்துக்குச் சான்று.

இத்துணைச் சிறப்புடையதன்மேற் சாட்டப்படும் குற்றம் யாது? மரம் அசையும் என்பதே. மாரிக் காலம் வந்தால் வீட்டுக் கதவு நிலையோடு இறுகித் திறக்க மறுப்பதையும், கோடையில் அதே கதவு இடைவெளி விட்டு ஆடுவதையும் யாவரும் அறிவர். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருப்பதும், உலர்ந்து சுருங்குவதும், ஒரு புறமாக வளைவதும் அதன் இயல்பு. அந்த மரம் குழல் முழுவதையும் தழுவி நிற்கும்போது, மழைநாளில் ஒரு புறத்தை அழுத்தும். வெயில்நாளில் மறு புறத்தை அழுத்தும். 450 மில்லிமீற்றர்க் குழலின் நுனி கால் மில்லிமீற்றர் விலகினாற் போதும். 100 மீற்றருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 5 சதமமீற்றர் விலகிப் படும்.

வெப்பமும் இதற்குத் துணை செய்கின்றது. அந்நீளமுள்ள உருக்குக் குழல் 50 பாகை செல்சியசு சூடேறினால் ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர் நீளும். மரமோ அவ்வாறு நீள்வதில்லை. நுனிக் கவசம் குழலை இறுகப் பிடித்திருந்தால், நீள முயலும் குழலும் நீளாத மரமும் ஒன்றோடொன்று முரண்படும். மேலும், வெடி தீரும் கணத்திற் குழல் வீணை நரம்பைப் போல் அதிர்கின்றது. நரம்பின்மேல் விரல் ஒரே இடத்தில் ஒரே அழுத்தத்தோடு படிந்தால் ஒரே சுரம் பிறக்கும். விரல் இடம் மாறினாற் சுரமும் மாறும். குழலைத் தொடும் மரத்தின் அழுத்தம் வெடிக்கு வெடி மாறினால் குண்டு செல்லும் திசையும் அவ்வாறே மாறும்.

இங்குச் சிதறல் வேறு, பெயர்வு வேறு என்பதை நன்கு அறிதல் வேண்டும். ஐந்து குண்டுகள் ஓரிடத்திற் செறியாது பரந்து விழுவது சிதறல். ஐந்தும் நெருங்கி விழுந்தும், சென்ற மாதம் விழுந்த இடத்தைவிட்டு ஒருசேர விலகி விழுவது பெயர்வு. சிதறல் பயிற்சிக் களத்திலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும். பெயர்வோ பெட்டியில் வைத்திருந்த துவக்கில் ஓசையின்றி நிகழ்வது. கோடையிற் சரிபார்த்த துவக்கை மாரியில் எடுத்துச் செல்பவன், அது முன்போலவே இருக்கின்றது என்று நம்பி விசையை அழுத்துகின்றான். நுரையீரலும் இதயமும் உள்ள இடத்தை நோக்கி விடுத்த குண்டு குடலிற் படுகின்றது. முழுமரத் துவக்கின் உண்மையான அபாயம் இதுவே.

இக்குறைக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. குழலுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு தாள் தடையின்றி ஓடும் அளவு வெளி விடுதல், பொறி அமரும் இடத்தை மட்டும் உறுதியாகப் பொருத்துதல், நுனிக் கவசம் குழலை நெருக்காதவாறு அமைத்தல், மரக் கால்வாயின் உட்புறத்துக்கும் மெருகெண்ணெய் பூசி ஈரம் புகாது அடைத்தல் என்பன தேர்ந்த கைவினைஞர் கையாளும் முறைகள். பல படை ஒட்டுமரம் ஒற்றை மரத்தைவிட வளைவு குறைந்தது. வெளிப்புறத்தை மட்டும் பளபளக்கச் செய்து உட்புறத்தைப் பச்சையாக விடுவது, கூரையை வேய்ந்து சுவரை மறந்ததற்கு ஒப்பாகும்.

குட்டைக் குழலுக்கென வேறு இரு குறைகளும் உள. மருந்து முற்றாக எரிந்து உந்துவதற்கு முன்னரே குண்டு வெளியேறுவதால் வேகம் சிறிது குறையும். ஓசையும் சுடரும் மிகும். ஆயினும் அதே குட்டைத்தன்மை குழலை விறைப்பாக்கி அதிர்வைக் குறைக்கின்றது என்ற நன்மையையும் மறத்தலாகாது.

அவ்வாறாயின் தீர்ப்பு யாது? இலக்குப் பலகையை நோக்கி, சூடேறிய குழலால் அடுத்தடுத்துப் பல குண்டுகளைச் செலுத்துவோனுக்கு முழுமரத் துவக்கு ஏற்றதன்று. வேட்டைக்காரனுக்கு வேண்டியது குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதற் குண்டு ஒன்றே. மானின் உயிர்நிலை ஏறத்தாழ 15 சதமமீற்றர் அகலமுடையது. 100 மீற்றரில் 5 சதமமீற்றருக்குள் குண்டுகளைச் செறியவிடும் துவக்கு அதற்குப் போதும். நன்கு பொருத்தப்பட்ட முழுமரத் துவக்கு அவ்வளவு செய்யும். பழைய மான்லிக்கர்-ஷேனவர் துவக்கின் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. எனினும் அதன் வடிவம் அழியவில்லை. அமெரிக்காவின் றூகர் நிறுவனமும் 1980களில் முழுமரத் துவக்கொன்றை வெளியிட்டது.

அல்ப்ஸ் நாட்டு வேட்டை மரபில் வீழ்ந்த விலங்கின் வாயில் பசுந்தளிரொன்றை வைப்பர். அதனை இறுதிக் கவளம் என்பர். காயமுற்று மறைந்த விலங்கை மோப்பம் பிடித்துத் தேடுவதற்கென்றே பவேரிய மலைநாய் என்ற தனி இனத்தையும் அவர்கள் வளர்த்தனர். எய்தது பிழைத்தாலும் தேடிச் சென்று துன்பத்தை முடித்தல் கடமை என்ற எண்ணம் அவ்விரு வழக்கங்களிலும் உண்டு. அழகிய துவக்கைத் தோளிலேந்துபவனுக்கும் அதுவே கடமை. பருவம் மாறும்தோறும் அவன் அதனைப் பயிற்சிக் களத்துக்குக் கொண்டு சென்று, மரம் என்ன செய்திருக்கின்றது என்று கேட்டறிதல் வேண்டும். கேட்டறியாது அதன் அழகை மட்டும் நம்பினால், பிழையின் விலையைக் கொடுப்பது அவன் அல்லன். காட்டில் மறைந்து துடிக்கும் விலங்கேயாகும்.