பன்னிரண்டு விநாடி ராஜா... மரியோ நட்சத்திரம் நினைவிருக்கா?

கோடை லீவுக்கு வானூர் அத்தை வீட்டுக்குப் போனால், டிவி வீடியோ கேமை விட்டு நகர மாட்டோம். கேசட்டில் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே திரும்பத் திரும்ப அதே பத்துப் பதினைந்து கேம்தான். மரியோ இருந்தால் போதாதா!

ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1985-ல் வெளியிட்ட ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ அது. முதல் ஸ்டேஜிலேயே, சாதா செங்கல் மாதிரி இருக்கும் ஒன்றை முட்டினால் நட்சத்திரம் வெளியே வந்து துள்ளித் துள்ளி ஓடும். துரத்திப் பிடித்தால் மரியோ உடம்பு மின்னும், மியூசிக் மாறும். ஆமை வந்து மோதினால் ஆமைதான் காலி! எல்லாம் சுமார் 12 விநாடிதான். கவனித்திருக்கிறீர்களா? அந்த மியூசிக் நின்ற பிறகும் ஒரு விநாடிக்கு மேல் பவர் இருக்கும். அது தெரியாமல் பயந்து ஒதுங்கியவர்கள்தான் நம்மில் அதிகம்.

ஆனால், பள்ளத்தில் விழுந்தால் நட்சத்திரமும் காப்பாற்றாது. டைம் முடிந்தாலும் அவுட். பவர் வந்த குஷியில் கண்மண் தெரியாமல் ஓடிப் பள்ளத்தில் விழுவது என் வழக்கம். அத்தை பையன் நிதானம். ஒருநாள் கடைசியான 8-வது உலகம் வரை போய்விட்டான். வீடே டிவி முன்னால் கூடிவிட்டது.

அப்போது பார்த்து கரன்ட் போனது. அந்த கேமில் ‘சேவ்’ கிடையாது. மறுபடியும் அந்த முதல் செங்கல்லில் இருந்துதான்.